சிமிட்டாதேக்கா

"தாடையை இங்க வை கண்ணு. நெத்தியை அங்க ஒட்டிக்கோ. பச்சையா ஒரு கூட்டல் குறி தெரியுதா? அதை மட்டும் பாரு. சிமிட்டாதே, சிமிட்டாதே, சிமிட்டாதே. ஆச்சு, இப்போ நல்லா சிமிட்டிக்கோ."

இதைச் சொல்லும்போதே அக்காவின் இடது கை பிள்ளையின் பிடரியைப் பிடித்திருக்கும். வலது கை கண்ணைப் படமெடுக்கும் இயந்திரத்தின் குமிழை அரைக்கால் அளவு திருகிக்கொண்டிருக்கும். படம் விழுந்ததும், தாடை வைத்த இடத்தில் இருக்கும் மெல்லிய காகிதத்தைச் சர்ரென்று கிழித்துக் கூடையில் போடுவார். அடியில் அடுத்த காகிதம் காத்திருக்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு காகிதம், இரண்டு கண்ணுக்கும் சேர்த்து நான்கு நிமிடம். "அடுத்த ராஜா யாரு?" என்று கதவைப் பார்த்துக் குரல் கொடுப்பார். வருவது பெண்பிள்ளையானாலும் அவருக்கு ராஜாதான்.

பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'சிமிட்டாதேக்கா'. ஐம்பத்திரண்டு வயதில் அக்கா என்று கூப்பிட ஆள் கிடைப்பது லேசுப்பட்ட காரியமா என்று அவருக்கு அதில் உள்ளூர சந்தோஷம். குட்டையான, அகலமான உடம்பு. கழுத்தில் ஒரு கயிறு, அதில் ஏழு சாவி. மூக்கில் சோடாப்புட்டிக் கண்ணாடி. அதைக் கழற்றிவிட்டால் எதிரே நிற்பது கணவரா கதவா என்று தெரியாது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். "கதவுன்னா தட்டினா சத்தம் வரும். அதை வச்சுக் கண்டுபிடிச்சுக்கலாம்."

பத்தொன்பது வருடமாக அடுத்தவர் கண்ணுக்குள்ளே பார்த்துப் பார்த்து, அவருக்குச் சிமிட்டுவதே மறந்துபோய்விட்டது. பேசும்போது உற்றுப் பார்ப்பார். பழக்கமில்லாதவர்கள் தாங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். செய்தி வாசிப்பவர் என்ன வாசித்தார் என்று கேட்டால் தெரியாது. எத்தனை முறை சிமிட்டினார் என்று கேளுங்கள், சொல்வார். வங்கி வரிசையில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், "உங்க கண்ணு காஞ்சு கெடக்கு, இதை ரெண்டு சொட்டு விட்டுக்கோங்க" என்று பையிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்து நீட்டியிருக்கிறார். குடும்பப் படம் எடுத்தாலும் அதே கட்டளைதான். அவர் வீட்டு ஆல்பத்தில் அத்தனை பேரும் திருடனைக் கண்டமாதிரி முழித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

மாதத்தில் இருபது நாள் மருத்துவமனை, மீதி நாளில் வண்டி. வண்டி போகிற இடம், அந்த மண்ணில் மற்ற எல்லோருக்கும் முன்னால் குடியேறியவர்களின் ஊர்கள். தார்ச்சாலை முடிந்து, செம்மண் சாலையும் முடிந்து, இனிமேல் என்ன இருக்கப்போகிறது என்று தோன்றுகிற இடத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கும். ஆசிரியர் அறையின் சன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டி இருட்டாக்கி, நடுவில் இயந்திரத்தை இறக்கி வைப்பார்கள். வண்டியில் வரும்போது அந்த இயந்திரத்துக்கு இருக்கைப் பட்டை போட்டிருக்கும். அக்கா போட்டுக்கொள்ள மாட்டார்.

இயந்திரத்தின் வேலை, கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை எவ்வளவு தடிமன் என்று அளப்பது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். விழித்திரையின் நடுப்பகுதி ஏறக்குறைய இருநூற்றைம்பது மைக்ரான், அதாவது கால் மில்லிமீட்டர். "கண்ணுக்குள்ள ஒரு வெங்காயத்தோல் இருக்கு. அதை உரிக்காமலே அளக்கப்போறோம்" என்பார் அக்கா. பிள்ளைகள் உடனே வந்து உட்கார்ந்துவிடும். 'உரிக்காமலே' என்ற சொல்லில் அவர் கொடுக்கும் அழுத்தம் அப்படி.

அந்த ஊர்களுக்கு நோயாளிகளைத் தேடி வரும் வண்டிகள் பழக்கம். இந்த வண்டி நோய் இல்லாத பிள்ளைகளைத் தேடி வந்தது. அதுதான் பெற்றோருக்கு உறுத்தியது. "நல்லா இருக்கற புள்ளையை எதுக்கு அளக்கறீங்க?" என்று ஒரு தகப்பன் முதல் நாளே மறித்துக்கொண்டு கேட்டார். அக்கா அசரவில்லை.

"தையல்காரர் அளவெடுக்கறாரே, நோயாளிக்கா எடுக்கறாரு? உங்க பிள்ளைங்க அளவு எங்ககிட்ட இல்லைங்க. யாரோ ஒரு ஊர்க்காரன் சட்டையை மாட்டிப் பாத்துட்டு, சட்டை தொளதொளன்னு இருக்கு, அதனால உங்க பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கிட்டு இருக்கோம். அது நியாயமா, சொல்லுங்க."

விஷயம் அதுதான். இயந்திரத்துக்குள்ளே ஒரு பட்டியல் உண்டு. எது சரியான தடிமன், எது குறைச்சல் என்று அதை வைத்துத்தான் அது முடிவு செய்யும். சரியாக இருந்தால் பச்சை, சந்தேகமாக இருந்தால் மஞ்சள், குறைந்தால் சிவப்பு. அந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் எங்கோ தூரத்து நகரங்களில் அளந்த பெரியவர்களின் கண்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே ஒருவர் கூட இல்லை. இந்த மக்களில் ஒருவர் கூட இல்லை. துள்ளிக் குதித்து வரும் பிள்ளை தாடையை வைத்த மறுநிமிடம் திரையில் சிவப்பு எரியும். நல்ல கண் இவர்களிடம் எப்படி இருக்கும் என்று தனியாக ஒரு பட்டியல் போடத்தான் இந்த அலைச்சல் எல்லாம். வண்டியில் கூட வரும் டாக்டரம்மா பக்கத்து அறையில் எழுத்துப் பலகையை வைத்துப் பார்வையைச் சோதித்து, லென்ஸால் உள்ளேயும் பார்த்து, இந்தக் கண் ஆரோக்கியம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் பிள்ளை அக்காவிடம் வரும். அதன்பிறகு இயந்திரம் என்ன நிறம் காட்டினாலும் பிள்ளையைப் பட்டியலிலிருந்து எடுக்கமாட்டார்கள்.

இயந்திரத்துக்கு அக்கா வைத்த பெயர் 'மாமனார்'. மூலையில் உட்கார்ந்து உறுமிக்கொண்டே இருக்கிறது, அதன் முன்னால் எல்லோரும் தலையைக் குனிய வேண்டியிருக்கிறது, எவரைக் கண்டாலும் குறை சொல்கிறது. "வர்ற மருமகளை எல்லாம் அவர் ஊர்ப் பொண்ணுங்களோடவே ஒப்பிட்டுப் பாக்கறாரு. வேற பொண்ணுங்களைப் பாத்ததே இல்லை, பாவம்." பிள்ளைகளும் பிடித்துக்கொண்டன. அளந்து முடிந்ததும், "மாமனார் என்ன சொல்றாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கும்.

நிஜ மாமனார் ஒருவரோடு அக்கா பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் காலம் தள்ளியிருக்கிறார். ரயில்வேயில் தண்டவாளம் பரிசோதித்து ஓய்வுபெற்றவர். தண்டவாளத்தில் குறை தேடிய கண், வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. குழம்பு நன்றாக இருந்தாலும், பேரப்பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கினாலும், அவர் வாயிலிருந்து வரும் உச்சபட்சப் பாராட்டு "பரவாயில்லை". அதற்கு மேல் அவரிடம் சொல் கிடையாது. அக்கா முதலில் அழுதார், பிறகு சண்டை போட்டார், பிறகு அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கப் பழகினார், கடைசியில் அதையே தானும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இப்போது அக்காவுக்கும் பரவாயில்லைதான் நூற்றுக்கு நூறு. "நல்லா இருக்குன்னு வாயைத் திறந்து சொன்னா உனக்கு முத்து உதிர்ந்துடுமா?" என்று கணவர் கேட்பார். பேருந்து ஓட்டுநர், சாதுவான மனிதர். "சொன்னா கண்ணு பட்டுடும்" என்பார் அக்கா. கண்ணிலேயே பிழைப்பு நடத்துகிறவர் கண் படுவதற்குப் பயப்படுவதைப் பார்த்து அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதே பிள்ளைகளை மறுபடி அளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வளர வளரத் தடிமன் எப்படி மாறுகிறது என்று தெரியவேண்டுமே. அப்படித்தான் இந்த வருடம் ஆற்றோரப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டாம் முறை போனார்கள். பட்டியலில் அறுபத்து மூன்று பெயர். அறுபத்திரண்டு பெற்றோர் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஒன்று வெள்ளையாகவே திரும்பி வந்தது.

"அது முதல் பெஞ்சு" என்றார் தலைமையாசிரியை. பிள்ளைகள் அந்தச் சிறுமிக்கு வைத்த பெயர் அது. வயது பதினொன்று. நல்ல உயரம். ஆனாலும் அவளை முதல் பெஞ்சில்தான் உட்காரவைக்க வேண்டும் என்று அவள் அம்மா வந்து சொல்லிவிட்டுப் போனாராம். பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்குப் பலகை தெரியாமல் மூன்று வருடமாகக் கழுத்து வலிக்கிறது.

"அவங்கம்மா உங்க தாள்ல மட்டும் இல்லை, பெரிய பள்ளிக்கூடத்துத் தாள்லயும் கையெழுத்து போடமாட்டேங்கறாங்க" என்றார் தலைமையாசிரியை. "இங்க அஞ்சாவது வரைக்கும்தான். ஆத்துக்கு அந்தப் பக்கம் பஸ்ல போய்ப் படிக்கணும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். எத்தனையோ சொல்லிப் பாத்துட்டேன். கண்ணு போகப்போற பிள்ளையைப் பஸ்ல ஏத்தி அனுப்பச் சொல்றீங்களேன்னு என்னையே கேக்கறாங்க. வண்டியில வந்தவங்க பாத்துச் சொன்னாங்களாம்."

"எந்த வண்டி?" என்றார் அக்கா.

தலைமையாசிரியை வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். அன்று செவ்வாய்க்கிழமை.

இடைவேளையில் சிறுமியே வந்து கதவோரம் நின்றாள். உள்ளே வரவில்லை. அக்கா இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதுல ஈரத்துணியால துடைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கே. நீங்க ஈரத்துணியாலதான துடைக்கறீங்க?"

இயந்திரத்தின் அடிப்பக்கத்தில், அரிசி அளவு எழுத்தில், அப்படி ஒரு வாசகம் இருப்பது அக்காவுக்குத் தெரியும். குனிந்து, கண்ணாடியை மேலே தூக்கி, மூக்கு இடிக்கிற அளவுக்குப் போனால்தான் படிக்க முடியும். சிறுமி நின்றது எட்டடி தூரத்தில், அரை இருட்டில்.

"வீட்டுல நிறைய படிப்பியா?" என்று கேட்டார்.

"ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான். மிச்சக் கண்ணைச் சேத்து வச்சுக்கணும்னு அம்மா சொல்லியிருக்காங்க." அவள் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. "சாயங்காலம் கண்ணைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள நடந்து பழகுவேன். அம்மா சொல்லிக்குடுப்பாங்க. அடுப்பு எங்க, படி எங்கன்னு எல்லாம். இப்போ கண்ணைக் கட்டிக்கிட்டே குடத்துலேர்ந்து தண்ணி மொண்டு குடிப்பேன். ஒரு சொட்டு சிந்தாது."

அக்கா துணியைக் கீழே வைத்துவிட்டார். அந்த முகம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், இதே அறை. வாசலில் வரிசை நீண்டிருந்தது. திரையில் சிவப்பைப் பார்த்துவிட்டு ஒரு தாய், "சிவப்பா இருக்கே அக்கா?" என்று கேட்டார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "பரவாயில்லைம்மா, கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிக் காகிதத்தைக் கிழித்தார். அடுத்த ராஜாவைக் கூப்பிட்டார்.

மதியச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல், தாய் வேலை செய்யும் இடத்துக்கு நடந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் ஒரு முட்டைக் கொட்டகை. நீளமான தகரக் கூரை, உள்ளே வெளிச்சம் கம்மி, கோழித்தீவன வாடை. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் துளை போட்ட தகரப் பெட்டிக்குள் ஒரு விளக்கு. பெண்கள் முட்டையை எடுத்துத் துளையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார்கள். முட்டைக்குள் இருப்பதெல்லாம் வெளிச்சத்தில் தெரிகிறது. பார்த்ததும் பக்கத்திலிருக்கும் தட்டில் வைக்கிறார்கள். சுற்றுவதும் பார்ப்பதும் வைப்பதும் மூன்று நொடி. அக்கா ஒரு நிமிடம் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டார். தொழில்காரருக்குத் தொழில்காரரைத் தெரியும்.

கடைசி மேசையில் இருந்த தாய், அக்காவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையை நிறுத்தவில்லை.

"கையெழுத்துக்கு வந்திருந்தா வேண்டாம் அக்கா. நான் உங்களைக் குத்தம் சொல்லலை. நீங்க நல்லவங்க, பொய் சொல்லலை. சிவப்பா இருக்கேன்னு கேட்டேன், பரவாயில்லைன்னு உள்ளதைச் சொன்னீங்க. எத்தனை நாள் தாங்கும்னுதான் சொல்லலை. அது உங்களுக்கே தெரியாதுன்னு விட்டுட்டேன்."

"அம்மா, பரவாயில்லைன்னா பயப்பட ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்?"

தாய் ஒரு முட்டையைத் துளையில் வைத்துப் பிடித்தார். "இதுல என்ன தெரியுது?"

அக்கா குனிந்தார். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். "முட்டைதான் தெரியுது."

"இதோ, இங்க. மயிர் மாதிரி ஒரு கீறல். வெளியில வச்சுப் பாத்தா முழு முட்டை. இன்னும் உடையலை. ஆனா உடையும்." முட்டையை எடுத்து நடுத் தட்டில் வைத்தார். "இதுக்கு எங்க கொட்டகையில என்ன பேருன்னு நீங்களே படிங்க."

மேசையோரம் மூன்று தட்டுகள். ஒவ்வொன்றின் முன்னாலும் மரச்சட்டத்தில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது. முதல் தட்டில் 'நல்லது'. மூன்றாவதில் 'கழிவு'. நடுவில் 'பரவாயில்லை'.

"இதைப் பேக்கரிக்குக் குடுத்துடுவாங்க. உடையறதுக்கு முன்னால சீக்கிரம் செலவு பண்ணிடணும்" என்றார் தாய். "பதினாலு வருஷமா இங்க வேலை பாக்கறேன். நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பீங்கல்ல?"

பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த கூடையின்மேல் அக்கா உட்கார்ந்துவிட்டார். வாசலில் நாற்பது பேர் நின்றார்களே என்ற சாக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டார். உடையப்போகும் கண் என்று நினைத்து, உடைகிற வரைக்கும் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள இந்தப் பெண் மூன்று வருடம் தன்னந்தனியாகப் பாடுபட்டிருக்கிறார். தான் போகிறபோக்கில் வீசிய ஒரு சொல். அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. வயதுக்கு மீறிய வெட்கம், மருமகளாக வந்த முதல் வாரத்தில் குழம்பைக் கவிழ்த்தபோதுகூட அப்படி இருந்ததில்லை.

"தப்பு என்னோடதும்மா. நின்னு பதில் சொல்லியிருக்கணும், சொல்லலை."

தாய் முதல்முறையாகக் கையை நிறுத்தினார். "அப்போ இப்போ சொல்லுங்க. எப்படி இருக்கு?"

"அளக்காம ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஒருதடவை சொல்லி நான் பண்ணின காரியம் போதும். நாளைக்குப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. நீங்களும் வந்து உக்காருங்க."

"எனக்கு எதுக்கு?"

"அந்தக் கீறலைப் பாத்த கண்ணு எப்படி இருக்குன்னு நான் பாக்கணும்."

மறுநாள் மதியம் இருவரும் வந்தார்கள். அக்கா சொல்லிவைத்திருந்தபடி டாக்டரம்மா சிறுமியை அவசரப்படாமல் பார்த்தார். அவள் பலகையின் கடைசி வரியைப் படித்தாள். அதற்கும் கீழே, பலகையைச் செய்த அச்சகத்தின் பெயரையும் படித்தாள். லென்ஸால் பார்த்ததில் ஒரு குறையும் இல்லை. பிறகு மாமனார். அக்கா சிமிட்டாதே என்று சொல்லத் தொடங்குவதற்குள் படமே விழுந்துவிட்டது. கண்ணை அடக்கி வைத்துப் பழகிய பிள்ளை. அக்கா அந்தப் பிடரியிலிருந்து கையை எடுக்க ஒரு கணம் கூடுதலாக எடுத்துக்கொண்டார்.

நடுவில் சிவப்பு. இருநூற்று முப்பத்தொன்று மைக்ரான்.

அடுத்து தாய் உட்கார்ந்தார். கழுத்து விறைத்திருந்தது. "இளக்கமா விடுங்க. உள்ள எதையும் உரிக்கமாட்டேன்" என்றார் அக்கா. தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. படம் விழுந்தது. நடுவில் அதே சிவப்பு. இருநூற்று இருபத்தொன்பது. மகளைவிட இரண்டு குறைவு.

இரண்டு தாளையும் அச்செடுத்து அக்கா பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தாய் வெகுநேரம் பார்த்தார். "அப்போ எனக்கும் போயிடுமா?" என்று கேட்டார்.

அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு சிவப்பைப் பார்த்தால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தார். "நேத்து அந்தக் கீறலை யார் பாத்தா? நீங்களா, நானா? போகப்போற கண்ணு யாருது, சொல்லுங்க." பிறகு மாமனார் கதையை முழுதாகச் சொன்னார். அவர் பார்த்ததெல்லாம் வேறு ஊர்க் கண்கள், அதுவும் பெரியவர்களின் கண்கள், அதனால்தான் இவர்களைக் கண்டதும் சிவப்பு அடிக்கிறார் என்றார். இந்தப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு மேல் சிவப்பும் மஞ்சளும்தான் என்றார். "உங்க கண்ணு மெலிசு. உங்க பொண்ணு கண்ணும் மெலிசு. மெலிசு வேற, கீறல் வேற."

"ஓடு மெலிசா இருக்கற முட்டை சீக்கிரம் உடையும்" என்றார் தாய்.

முட்டையில் இந்தப் பெண்ணோடு மல்லுக்கட்ட முடியாது. அக்கா அவசரமாகப் பழைய கோப்பைப் புரட்டி மூன்று வருடத்துக்கு முந்தைய தாளை எடுத்தார். இருநூற்று இருபத்தெட்டு. "இது அப்போ. இப்போ முப்பத்தொண்ணு. குறையலை, பிள்ளை வளர்ந்ததுக்கு ஏத்தமாதிரி துளி கூடியிருக்கு. கீறல் விழுந்த முட்டை மூணு வருஷம் தாங்குமா?"

"மூணு வாரமே தாங்காது" என்றார் தாய் மெதுவாக. டாக்டரம்மாவும் வந்து, பார்வை திடமாக இருக்கிறது, பயமே வேண்டாம் என்றார். தாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கொட்டகையில் மதிய இடைவேளை முடியும் மணி அடித்ததும், மகளின் தலையை ஒருமுறை தடவிவிட்டுக் கிளம்பிவிட்டார். தாள்கள் மேசையிலேயே கிடந்தன.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போன் போட்டுக் கணவரிடம் எல்லாம் சொன்னார். பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு தண்ணீர் மொள்ளுவதை இரண்டு முறை சொன்னார். கணவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் சொன்னே. நல்லா இருக்குன்னு சொன்னியா?"

அக்கா யோசித்தார். மெலிசு என்று சொல்லியிருந்தார். குறையவில்லை என்று சொல்லியிருந்தார். வேறு ஊர்க் கண், பெரியவர்கள் கண், துளி கூடியிருக்கிறது எல்லாம் சொல்லியிருந்தார்.

"சொல்லலை" என்றார்.

"எங்கப்பா செத்து ஏழு வருஷம் ஆச்சு. உன் வாயில இன்னும் இருக்காரு பாரு" என்றார் கணவர்.

வியாழக்கிழமை முழுதும் மீதிப் பிள்ளைகள். அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார். தாய் வரவில்லை. முதல் பெஞ்சு மட்டும் இடைவேளையில் எட்டிப் பார்த்து, துணி இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை சன்னல் காகிதத்தைப் பிய்த்து, மாமனாருக்குப் பட்டை போட்டு வண்டியில் ஏற்றினார்கள். தலைமையாசிரியை பெரிய பள்ளிக்கூடத்துத் தாளைக் கொண்டுவந்து, "போற வழிதானே, கடைசியா ஒருதடவை கேட்டுப் பாருங்க" என்று அக்காவின் கையில் திணித்தார். கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி அக்கா இறங்கினார். ஒரு கையில் சிறுமியின் கண் படம், மறுகையில் பள்ளிக்கூடத்துத் தாள்.

கடைசி மேசை. தாயின் இரண்டு கையிலும் முட்டை.

"உங்க பொண்ணோட தாள். அன்னிக்கு விட்டுட்டுப் போயிட்டீங்க" என்றார் அக்கா.

தாய் தாளைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "கையில முட்டை இருக்கு. நீங்களே வைங்க. எந்தத் தட்டோ அந்தத் தட்டுல வைங்க."

பக்கத்து மேசைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா குனிந்தார். வழக்கம்போலக் கண்ணாடியை மேலே தூக்கி, மூக்கு இடிக்கிற அளவுக்குப் போய், மூன்று சட்டத்தில் இருந்த எழுத்தையும் ஒவ்வொன்றாகப் படித்தார். இன்னொரு தப்புக்கு அவரிடம் தெம்பு இல்லை. பிறகு முதல் தட்டில், முட்டைகளின்மேல், தாளை வைத்தார்.

"நல்லா இருக்கு" என்றார். பழக்கமில்லாத சொல், அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. அதனால் இன்னொருமுறை, கொட்டகைக்கே கேட்கும்படி சொன்னார். "உங்க பொண்ணு கண்ணு நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு."

தாய் கையிலிருந்த முட்டைகளைக் கீழே வைத்தார். தட்டிலிருந்து தாளை எடுத்து விளக்குத் துளையின்மேல் பிடித்தார். சிவப்புக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது. ஒரு சுற்றுச் சுற்றினார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். மூன்று நொடிக்கு மேலேயே ஆனது. அக்கா சிமிட்டாமல் நின்றார்.

பார்த்து முடித்ததும், எடுத்த தட்டிலேயே தாளைத் திரும்ப வைத்தார். முன்தானையில் வலது கையை இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு, அதை அக்காவை நோக்கி நீட்டினார்.

"பேனா குடுங்க."